நரம்பின் நுண்மை கண்ட நல்லறிஞர் காஹால்

மனிதன் கடல்களைக் கடந்தான். கோள்களின் செலவைக் கணித்தான். மண்ணின் ஆழத்தில் புதைந்து கிடந்தவற்றையெல்லாம் அகழ்ந்து கண்டான். ஆயினும், இத்தனை அறிவிற்கும் இருப்பிடமாகிய மூளை எதனால் ஆயது, எங்ஙனம் இயங்குகின்றது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றியே நின்றது. உயிரினங்களின் உடல் தனித்தனி உயிரணுக்களால் கட்டப்பெற்றது என்னும் உண்மை 1839ஆம் ஆண்டளவில் அறிஞர்களால் நிலைநாட்டப்பெற்றது. தோலுக்கும் தசைக்கும் குருதிக்கும் பொருந்திய அவ்வுண்மை, மூளைக்கும் நரம்பிற்கும் பொருந்துமா என்பதில் மட்டும் ஐயம் அகலவில்லை. நுண்ணோக்கியின் கீழ் மூளையின் ஒரு சிறு துண்டினை வைத்துப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் தொடக்கமும் முடிவும் அறிய இயலாத சிக்கல் ஒன்றே.

அச்சிக்கலை அவிழ்த்துக் காட்டிய பெருமை, அறிவியல் உலகில் அந்நாளில் பெரிதும் மதிக்கப்பெறாத ஸ்பெயின் நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்த சந்தியாகோ ரமோன் இ காஹால் என்னும் பேரறிஞரைச் சாரும். அவர் கையாண்ட ஆய்வுமுறை அவர் கண்டதன்று, பிறர் கண்டது. அவர் எழுதிய மொழியை அந்நாளைய அறிவியல் அறிஞர் பலர் படிப்பதில்லை. இவ்விரு குறைகளுக்கும் இடையே நின்று அவர் உண்மையை நிலைநாட்டிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இளமையும் தந்தையும்

காஹால் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் பெட்டில்லா தெ அரகோன் என்னும் மலைநாட்டுச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ரமோன், வறுமையோடு போராடித் தம் முயற்சியாலேயே கற்று அறுவை மருத்துவர் ஆனவர், கண்டிப்பு மிக்கவர். மகனும் மருத்துவனாதல் வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. மகனது உள்ளமோ ஓவியத்தை நாடிற்று. சுவர் கண்டால் சுவரிலும், தாள் கண்டால் தாளிலும் கரிக்கோல் கொண்டு வரைந்த வண்ணம் இருந்தான் சிறுவன்.

மகனது ஓவியத் திறனை அளந்து கூறுமாறு, ஊர்த் தேவாலயச் சுவர்களுக்கு வண்ணம் பூச வந்திருந்த ஒருவரைத் தந்தையார் வேண்டினார். படத்தைப் பார்த்த அவர், இவனிடம் திறமை ஏதும் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அத்தீர்ப்பினையே ஆதாரமாகக் கொண்டு தந்தையார் ஓவியத்திற்குத் தடை விதித்தார். ஒருவனது எதிர்காலத்தை ஒரு நொடியில் அளந்து கூறுவோர் எந்நாட்டிலும் எந்நாளிலும் உளர். அவ்வளவைகள் எத்துணைப் பிழையானவை என்பதற்குப் பின்னாளில் காஹால் வரைந்த ஆயிரக்கணக்கான நரம்புப் படங்களே சான்றாயின.

பள்ளியில் அவர் நல்ல மாணவர் என்று பெயர் எடுத்தவரல்லர். மனப்பாடத்தையும் பிரம்படியையும் நம்பிய பள்ளிமுறை அவருக்கு ஒவ்வவில்லை. பதினொரு வயது அளவில், தாமே செய்த பீரங்கி ஒன்றினால் அண்டை வீட்டாரின் தோட்டக் கதவைத் துளைத்துச் சில நாட்கள் சிறையிலும் இருந்தார். பொறுமை இழந்த தந்தையார் அவரை முடிதிருத்துபவரிடமும், பின்னர்க் காலணி தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். காலணித் தொழிலிலும் அவர் கை தேர்ச்சியே காட்டிற்று. பார்ப்பதும் செய்வதுமே அவர் கற்கும் வழி என்பதைப் பள்ளி உணரவில்லை. இறுதியில் தந்தையே உணர்ந்தார்.

1868ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் தந்தையும் மகனும் பழைய இடுகாட்டிற்குச் சென்று, வெளிப்பட்டுக் கிடந்த எலும்புகளைத் திரட்டி வந்தனர். ஒவ்வோர் எலும்பையும் கையில் ஏந்தி, மேடு பள்ளம் அறிந்து, வரைந்து கற்றார் மகன். தடை செய்யப்பட்ட ஓவியம் கல்விக்கு வாயிலாயிற்று. தந்தை வேண்டிய மருத்துவமும் மகன் விரும்பிய ஓவியமும் அவ்வெலும்புகளின் மேல் ஒன்றுபட்டன எனலாம். 1873ஆம் ஆண்டு சரகோசா நகரில் காஹால் மருத்துவப் பட்டம் பெற்றார்.

கியூபாவும் நுண்ணோக்கியும்

பட்டம் பெற்ற கையோடு படைமருத்துவராகச் சேர நேர்ந்தது. 1874ஆம் ஆண்டு, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவிற்கு அனுப்பப்பெற்றார். அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலங்களுக்கு இடையே அமைந்த மருத்துவ விடுதிகளில் பணியாற்றிய அவரை முறைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. உடல் நலிந்து 1875இல் தாயகம் திரும்பினார். சில ஆண்டுகளில் காசநோயும் தாக்கியது, அதனின்றும் மீண்டார்.

1877ஆம் ஆண்டு முனைவர் பட்டத் தேர்வுக்காக மாட்ரிட் சென்றபோது, அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் நுண்ணோக்கியின் வழியே திசுக்களைக் காட்டினார். அக்காட்சி காஹாலின் வாழ்வைத் திசை திருப்பிற்று. படைப்பணியில் மிச்சம் பிடித்த பொருளைக் கொண்டு தமக்கென ஒரு நுண்ணோக்கியை வாங்கினார். ஆசானும் இல்லை; ஆய்வுக்கூடமும் இல்லை. தாமே படித்துத் தாமே பழகினார். 1879இல் சில்வேரியா ஃபன்யானாஸ் என்னும் நங்கையை மணந்தார். குறைந்த வருவாயில் பெருகிய குடும்பத்தையும் நடத்திக் கணவரின் ஆய்வுச் செலவிற்கும் இடம் விட்ட அவ்வம்மையாரின் பொறுமை இன்றி இவ்வரலாறு நிகழ்ந்திராது என்று நாம் கருதுகிறோம்.

வாலென்சியா நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த காலத்தில், 1885ஆம் ஆண்டு வாந்திபேதி என்னும் கொடுநோய் பரவிற்று. காஹால் அந்நோயை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதனைப் பாராட்டிச் சரகோசா மாநில அவையினர் அவருக்குப் பரிசளிக்க முன்வந்தனர். அவர்கள் அளித்தது பொற்பதக்கம் அன்று. ஜெர்மனியில் செய்யப்பெற்ற சிறந்த ஸைஸ் நுண்ணோக்கி. ஓர் ஆய்வாளனுக்கு எதை அளித்தல் தகும் என்பதை அறிந்து அளித்த பரிசு அது.

கோல்கி கண்ட கருநிற முறை

நரம்பு ஆய்வில் அந்நாளைய இடர்ப்பாடு யாது என்பதை மாணவர்கள் தெளிதல் வேண்டும். மூளைத் திசு நிறமற்றது, மென்மையானது. நிறமூட்டாமல் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. வழக்கமான சாயங்களால் நிறமூட்டினாலோ, எல்லா உயிரணுக்களும் ஒருசேர நிறமேறிவிடும். அப்பொழுது எது எதன் கிளை, எது எங்கே முடிகின்றது என்று பிரித்தறிய இயலாது.

இத்தாலி நாட்டு மருத்துவர் கமில்லோ கோல்கி இதற்கு வழி கண்டார். பள்ளி உயிரியல் நூல்களில் கோல்கை உறுப்பு எனப் பயிலப்பெறும் பகுதி இவர் பெயரால் அமைந்ததே. அபியத்தெகிராஸோ என்னும் ஊரில் தீரா நோயாளிகளின் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், அங்கே ஒரு சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் துண்டினைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் பல நாட்கள் ஊறவைத்து இறுகச் செய்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டார். இரண்டும் கூடிய வேதிவினையால், நூற்றுக்குச் சில நரம்பணுக்கள் மட்டும் முழுமையாகக் கறுத்தன; ஏனையவை நிறமற்றே நின்றன. மஞ்சள் தாளின் மேல் கருமையால் தீட்டியதுபோல் ஒரு நரம்பணு தன் உடலும் கிளைகளுமாக முதன்முறை தெரிந்தது. 1873ஆம் ஆண்டு இதனை அவர் வெளியிட்டார். சில அணுக்கள் மட்டும் ஏன் கறுக்கின்றன என்பதற்கு முழுமையான விளக்கம் இன்றளவும் இல்லை. ஆனால் அச்சிலவே மனிதனுக்கு மூளையைக் காட்டின.

எனினும், இம்முறை எளிதில் கைகூடுவதாக இல்லை. ஒருநாள் பலிக்கும், மறுநாள் பொய்க்கும். ஆகவே பலர் இதனைக் கைக்கொள்ளவில்லை. கோல்கியும் தாம் கண்ட காட்சியை வேறு வகையாகப் பொருள்கொண்டார். நரம்பணுக்களின் நீள் இழைகள் ஒன்றோடொன்று கலந்து மூளை முழுதும் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கின்றன என்பது அவர் முடிபு. அவருக்கு முன்னரே ஜெர்மானிய அறிஞர் கெர்லாக் வேறொரு வடிவில் இவ்வலைக் கோட்பாட்டைக் கூறியிருந்தார். அந்நாளைய அறிஞர் பலர் அதனை ஏற்றிருந்தனர்.

இளங்கருவைத் தேர்ந்த நுண்ணறிவு

1887ஆம் ஆண்டு மாட்ரிட் சென்ற காஹாலுக்கு, மனநோய் மருத்துவர் லூயிஸ் சிமார்ரோ, பாரிசில் தாம் கற்று வந்த கோல்கி முறையால் அமைந்த மூளைத் துண்டினைக் காட்டினார். பதினான்கு ஆண்டுகளாக ஏட்டில் கிடந்த அம்முறையின் ஆற்றலைக் காஹால் ஒரு பார்வையில் உணர்ந்தார். அவ்வாண்டே பார்சிலோனாவில் திசுவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று, இரவு பகலாக அதனைச் செப்பம் செய்யத் தலைப்பட்டார்.

அவர் செய்த திருத்தங்கள் மூன்று. முதலாவது, ஒரு முறைக்கு இரு முறை அக்கரைசல்களில் தோய்த்து எடுத்தார், அதனால் முறை நிலைபெற்றது, பொய்ப்பது குறைந்தது. இரண்டாவது, திசுவினைச் சற்றுத் தடிப்பான துண்டுகளாக வெட்டினார். அதனால் நீண்ட இழைகள் இடையில் அறுபடாமல் தொடர்ந்து தெரிந்தன. மூன்றாவது திருத்தமே தலையாயது. முதிர்ந்த விலங்குகளின் மூளையை விட்டு, முட்டைக்குள் வளரும் பறவைக் கருக்களையும், பிறந்து சில நாட்களே ஆன உயிர்களையும் அவர் தேர்ந்தெடுத்தார்.

இதன் நயத்தை ஓர் உவமையால் விளக்குவோம். பந்தல் முழுதும் படர்ந்து முற்றிய கொடிகளில் எந்த இலை எந்தக் கொடியினது என்று சொல்வது அரிது. அக்கொடிகளே முளைத்து இரண்டு இலை விட்ட பருவத்தில், ஒவ்வொன்றும் தனித்து நிற்பதைச் சிறு குழந்தையும் காட்டிவிடும். மூளையும் அத்தகையதே. முதிர்ந்த நரம்பிழைகளைக் கொழுப்பு மிக்க ஓர் உறை மூடியிருக்கும். வெள்ளி அவ்வுறையைக் கடந்து எளிதில் பற்றாது. இளங்கருவில் அவ்வுறை இன்னும் தோன்றியிராது, இழைகளும் குறுகியிருக்கும். கடினமான வினாவை எளிமையான இடத்தில் கேட்டார் காஹால், விடை வெளிப்பட்டது.

பறவைகளின் சிறுமூளையில் அவர் கண்டது இது. ஓர் அணுவின் இழை மற்றோர் அணுவின் உடலைக் கூடைபோல் சூழ்ந்து நெருங்குகின்றது; ஆயினும் அதனோடு கலந்துவிடவில்லை. தொடுகின்றது, ஒன்றாகவில்லை. எங்குத் தேடியும் கோல்கி கூறிய வலை அவருக்குப் புலப்படவில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் உடைய தனி உயிரணுவே என்பது தெளிவாயிற்று. ஹிஸ், ஃபொரேல் என்னும் அறிஞர் இருவர் சற்று முன்னரே வேறு வழிகளால் இக்கருத்தை அணுகியிருந்தனர். கண்ணுக்குத் தெரியுமாறு காட்டியவர் காஹால்.

அறுபது படிகள்

உண்மையைக் காண்பது ஒரு பணி. கண்டதை உலகினர்க்கு உணர்த்துவது மற்றொரு பணி. பிறர் இதழ்கள் தம் கட்டுரைகளை வெளியிடும்வரை காத்திருக்கக் காஹால் விரும்பவில்லை. தம் சொந்தப் பணத்தில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 1888ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் அறுபது மட்டுமே. அவற்றுட் பெரும்பாலானவற்றை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார்.

பெரிய மறுமொழி ஏதும் வரவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்றுமே அறிவியல் மொழிகளாகக் கருதப்பெற்ற காலம் அது. ஸ்பானிய மொழியில் வந்த இதழைப் பிரித்துப் பார்ப்பார் அரியர். தாய்மொழியில் ஆழ்ந்த உண்மைகளை எழுதுவோர்க்கு நேரும் துன்பம் இது என்பதை மொழித்துறை சார்ந்த நாம் நன்கு உணரவல்லோம். உண்மை சிறிய மொழியில் பிறந்ததனால் சிறிதாகிவிடுவதில்லை. ஆனால் கேட்பார் இன்றி நின்றுவிடக்கூடும். காஹாலின் முன் நின்ற வினா இதுவே: தம் மொழியைக் கைவிடுவதா, தம் உண்மையைக் கைவிடுவதா? அவர் இரண்டையும் கைவிடவில்லை. தம் நூல்களைத் தம் மொழியிலேயே எழுதிவந்தார். அதே வேளையில் தாம் கண்டதைப் பிறர் கண்முன் கொண்டு சென்று வைக்கவும் முனைந்தார்.

பெர்லின் பயணம்

1889ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜெர்மானிய உடற்கூற்றியல் கழகத்தின் கூட்டம் பெர்லின் நகரில் நடைபெற்றது. காஹால் தம் சேமிப்பைத் திரட்டி, கண்ணாடித் தகடுகளில் பதித்த ஆய்வுத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தனியே புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. அங்கே அவரை அறிந்தார் ஒருவரும் இலர். அவர் பேசியதும் தடுமாற்றமான பிரெஞ்சு மொழி. நுண்ணோக்கிகளை மேசை மீது நிறுவித் தம் துண்டுகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சொல்லால் வெல்ல முடியாததைக் காட்சியால் வென்றார். ஐயத்தோடு குனிந்து பார்த்தவர்கள் வியப்போடு நிமிர்ந்தனர். அந்நாளில் திசுவியலின் தலைமகனாக விளங்கியவர் கோலிக்கர் என்னும் பேராசிரியர், எழுபத்திரண்டு வயதினர், வலைக் கோட்பாட்டின்பால் சார்ந்திருந்தவர். அவர் அத்துண்டுகளைக் கூர்ந்து நோக்கினார். தம் பழைய கருத்தினைக் கைவிட்டார். காஹாலைப் பிற அறிஞர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். அத்தோடு அமையாமல், காஹாலின் கட்டுரைகளை மூலத்திலேயே படிக்க வேண்டி அம்முதிய வயதில் ஸ்பானிய மொழியையும் கற்றார். அறிவிற்கு முன்னர் வயதும் புகழும் தலைவணங்கிய அரிய நிகழ்ச்சி இது. காஹாலின் பெருமைக்கு இணையானது கோலிக்கரின் பெருந்தன்மை என்றே நாம் சொல்வோம்.

1891ஆம் ஆண்டு வால்டையர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பலருடைய கண்டுபிடிப்புகளையும் தொகுத்து எழுதி, நரம்பணுவிற்கு நியூரான் என்னும் பெயரைச் சூட்டினார். பெயர் அவரது, அப்பெயருக்கு உரிய பொருளைக் காட்டியவருள் முதல்வர் காஹால்.

அசையாப் படத்தில் ஓடிய செய்தி

காஹால் பார்த்தவை உயிரற்ற துண்டுகள். அவற்றில் எதுவும் அசையாது. ஆயினும், அவ்வசையா வடிவங்களிலிருந்து உயிருள்ள மூளையின் இயக்கத்தை அவர் உய்த்துணர்ந்தார். கண்ணின் விழித்திரையை அவர் எடுத்துக்கொண்டார். ஒளி கண்ணில் படுகின்றது. செய்தி மூளைக்குச் செல்கின்றது. இது யாவரும் அறிந்தது. அங்குள்ள நரம்பணுக்களின் குறுங்கிளைகள் ஒளியுணரும் பக்கத்தை நோக்கி நிற்கின்றன. நீள் இழை மூளையை நோக்கிச் செல்கின்றது. ஆதலின், கிளைகள் செய்தியை ஏற்பன. நீள் இழை அதனைக் கொண்டு செல்வது என்று முடிவு கட்டினார். மணம் உணரும் பகுதியிலும் அவ்வமைப்பே இருக்கக் கண்டார். நரம்பில் செய்தி பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே செல்லும் என்னும் இவ்விதியை 1891இல் வெளியிட்டார்.

நரம்பணுக் கிளைகளின் மேல் முட்கள்போல் நிற்கும் நுண்ணிய முளைகளையும் அவர் கண்டார். இவை வெள்ளி படிந்ததனால் நேர்ந்த பிழை என்று சிலர் தள்ளினர். வேறொரு நிறமூட்டு முறையாலும் அவற்றைக் காட்டிக் காஹால் அவ்வையத்தை நீக்கினார். வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு வடிவில் ஒரு பகுதி முன்னேறிச் செல்வதை 1890இல் கோழிக்கருவில் கண்டு கூறினார். பிற்காலத்தார் உயிருள்ள நரம்பை வளர்த்துப் பார்த்தபோது, அக்கூம்பு அவர் உய்த்துணர்ந்தவாறே ஊர்ந்து சென்றது.

இருவர் ஒரே மேடையில்

1892இல் மாட்ரிட் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 1894இல் இலண்டன் அரசக் கழகம் சிறப்புச் சொற்பொழிவாற்ற அழைத்தது. அப்பொழுது அவர் ஷெரிங்டன் என்னும் அறிஞரின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். இரு நரம்பணுக்கள் நெருங்கும் இடத்திற்கு 1897இல் வழங்கப்பெற்ற சினாப்ஸ் என்னும் பெயர் அந்த ஷெரிங்டன் வழியே வந்தது. 1899 முதல் 1904 வரை காஹால் தம் பெருநூலை ஸ்பானிய மொழியில் வெளியிட்டார். மனிதன், விலங்குகள் ஆகியோரின் நரம்பு மண்டலம் முழுமையையும் தம் கையால் வரைந்த படங்களோடு விளக்கிய நூல் அது.

1906ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கோல்கிக்கும் காஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. முறையைக் கண்டவர் ஒருவர். அம்முறையால் உண்மையைக் கண்டவர் மற்றவர். ஸ்டாக்ஹோம் நகரில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். கோல்கி தம் சொற்பொழிவில் நரம்பணுக் கோட்பாட்டையே மறுத்துப் பேசினார். தம் பிள்ளையெனப் போற்றிய முறை, தம் கொள்கையையே வீழ்த்தும் படைக்கருவியாயிற்றே என்னும் வேதனை அவர் உள்ளத்தில் இருந்திருத்தல் கூடும். மறுநாள் பேசிய காஹால், கோல்கிக்கு உரிய சிறப்பினை மறவாது கூறித் தம் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

இருவருள் ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்துதல் நம் நோக்கமன்று. கோல்கி இன்றேல் காஹாலுக்குக் கருவி இல்லை. காஹால் இன்றேல் கோல்கியின் கருவிக்குப் பயன் முழுமையாக இல்லை. கருவியைச் செய்தவனே அதன் வழியே தெரியும் அனைத்தையும் காண்பான் என்னும் நியதி இல்லை. தான் முன்னரே நம்பியதைக் காண விழைபவனுக்குத் தெளிந்த கண்ணாடியும் மங்கலாகிவிடும். இருவரும் ஒரே கருநிற இழையைத்தான் பார்த்தனர். ஒருவர் வலையை எதிர்பார்த்துப் பார்த்தார். மற்றவர் இழை முடியும் இடத்தைத் தேடிப் பார்த்தார்.

பணியும் பண்பும்

பரிசு பெற்ற பின்னர் ஓய்ந்திருப்பார் பலர். காஹால் ஓயவில்லை. கல்வி அமைச்சர் பதவி தேடி வந்தபோது மறுத்தார். அரசு அமைத்துத் தந்த ஆய்வுக்கூடத்தின் தலைமைக்குக் குறித்த ஊதியம் மிகுதி எனக் கூறிக் குறைக்கச் செய்தார். 1903இல் வெள்ளியைக் கொண்டே புதியதொரு நிறமூட்டு முறையையும், 1913இல் பொன்னின் உப்பினைக் கொண்டு மற்றொரு முறையையும் கண்டார். பிறர் முறையைத் திருத்தியவர் தாமே முறை காணும் நிலைக்கு உயர்ந்தார். ரியோ ஓர்தேகா, லொரெந்தே தெ நோ போன்ற மாணாக்கர் பலரை உருவாக்கினார்.

எண்பது வயது கடந்த பின்னரும், வலைக் கோட்பாட்டிற்கு மீண்டும் உயிரூட்ட முயன்றோரை மறுத்து, 1933இல் தம் வாழ்நாட் சான்றுகளையெல்லாம் தொகுத்து எழுதினார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் இயற்கை எய்தினார்.

பின் வந்தோர் காட்டிய சான்று

தொடுகின்றது, ஒன்றாகவில்லை என்று காஹால் கூறியதற்கு முடிவான சான்று அவர் வாழ்நாளில் கிட்டவில்லை. அவ்விடைவெளி ஒளி நுண்ணோக்கியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்தபோதுதான் அவ்விடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே அதன் அகலம். சில இடங்களில் நரம்பணுக்கள் நுண்துளைகளால் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னர் அறியப்பெற்றது. எனவே கோல்கியின் கூற்றிலும் ஒரு சிறு துளி உண்மை இருந்தது எனலாம். ஆயினும் அடிப்படை விதி காஹாலினதே.

அன்று தொடங்கிய வழியில் இன்று புதிய முறைகள் பல பெருகியுள்ளன. ஒளிபட்டால் இயங்கும் பாசியின் புரதத்தை நரம்பணுவில் புகுத்தி, ஒளியால் அவ்வணுவை இயக்கும் முறை 2005இல் வெளியாயிற்று. எலிகளின் நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வண்ணத்தில் ஒளிருமாறு செய்யும் முறை 2007இல் வந்தது. பழ ஈ ஒன்றின் மூளையில் உள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களையும் அவற்றின் ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் முழுமையாக வரைந்த படம் 2024இல் வெளியிடப்பெற்றது. மனித மூளையிலோ நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. செல்ல வேண்டிய தொலைவு பெரிது. ஆனால் இம்முறைகள் அனைத்தும் செய்ய முயல்வது யாது? காட்டில் ஒரு மரத்தைத் தனித்துக் காட்டுவது. அதன் கிளை எங்கே முடிகின்றது என்று தொடர்வது. 1888இல் காஹால் வெள்ளியைக் கொண்டு செய்ததும் அதுவே. அவர் தம் கையால் வரைந்த படங்களும் ஏடுகளும் 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

நிறைவாக

காஹாலின் வாழ்வு மாணவச் செல்வங்களுக்கு உணர்த்துவன பல. நல்ல கருவி இல்லையே, பெரிய நிறுவனம் இல்லையே, நம் மொழியை உலகம் படிப்பதில்லையே என்று ஏங்கி நிற்பார்க்கு அவர் வாழ்வே விடை. கையில் இருந்ததைத் திருத்தினார். கடினமானதை எளிய இடத்திலிருந்து தொடங்கினார். கண்டதைப் பிறர் கண்முன் கொண்டு சென்று வைத்தார். திறமை இல்லை என்று ஒதுக்கப்பெற்ற ஓவியக் கையே மூளையின் வடிவத்தை உலகிற்கு வரைந்து காட்டிற்று.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு செய்தி உண்டு. பிள்ளையின் விருப்பத்தைத் தடுத்த தந்தையே, பின்னர் அவ்விருப்பத்தின் வழியே பாடம் கற்பிக்கலாம் என்று கண்டுகொண்டபோதுதான் அறிஞர் ஒருவர் உருவாகத் தொடங்கினார். நம் வகுப்பறைகளின் கடைசி இருக்கைகளிலும் இத்தகைய கைகள் இருத்தல் கூடும். அவற்றைத் தேடிக் காண்பது நம் கடன்.